முந்தக்கூடாத கார்

கார் பந்தயத்தில் பாதுகாப்புக் கார் ஓட்டியவர் ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவரை யாராலும் முந்த முடியவில்லை. ஓடுதளத்தில் கார்கள் மோதிக்கொண்டால், கூரையில் ஆரஞ்சு விளக்கு மின்ன இவர் முன்னால் வருவார். உடைசலை அள்ளி முடிக்கும்வரை மற்றவர்கள் முந்தாமல் வரிசையாகப் பின்னால் வர வேண்டும். விளக்கை அணைத்து இவர் ஒதுங்கினால்தான் பந்தயம் தொடரும். பத்தொன்பது வருடம் எல்லாருக்கும் முன்னால் ஓடி, ஒன்றில்கூட ஜெயிக்காத மனிதர். கடைசி நாளில் அந்தப் பழைய காரையே பரிசாகக் கொடுத்து, ஆளாளுக்குக் கைகுலுக்கினார்கள். அந்தக் களேபரத்தில் விளக்கை அணைக்க மறந்து அப்படியே வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார்.

மறுநாள் அவர் ரொட்டி வாங்க நடந்தபோது தெருவே பின்னால் ஊர்ந்தது. பேருந்து, தபால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒருவராலும் தாண்ட முடியவில்லை. அவருக்கோ முழங்கால் வலி. ஒரே மாதத்தில் அலுவலகங்கள் தாமதத்துக்கு அவரைக் காரணமாக ஏற்றுக்கொண்டன. விளக்கை அணைக்கச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. அவரும் அணைக்கத்தான் போனார். ஆனால் அன்று காலையில்தான் மனைவியின் இதயம் இரண்டு மாதம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கார் அருகில் நின்றிருந்த மனைவி, "உங்களுக்கு முன்னாடி நான் போயிடுவேன் போலிருக்குங்க" என்றாள். அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஏழு வருடம் போயிற்று. அவள் சாகவில்லை, அந்தத் தெருவில் யாருமே சாகவில்லை. கார் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, விளக்கு மட்டும் எரிந்தது. சவப்பெட்டி செய்கிறவர் அலமாரிக்கு மாறினார். தான் சொன்னது தப்பு என்று டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. மருந்துச் சீட்டில் 'வரிசையில் இருக்கிறார்' என்று எழுதினார். நகராட்சித் தலைவரின் அப்பா அதே தெரு என்பதால் நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. முன்பு அவரைத் திட்டித் தீர்த்த அக்கம்பக்கத்தார் இப்போது உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், மழையில் குடை பிடித்தார்கள். அவர் தும்மினால் தெருவே கஷாயத்தோடு வந்து நின்றது.

மனைவிதான் களைத்துப்போனாள். இழுக்கிற மூச்சோடு ஏழு வருடம் என்பது விளையாட்டல்ல. ஒரு காலையில் அவர் நடக்கக் கிளம்பியபோது சொன்னாள்:

"போதும்ங்க. விளக்கை அணைச்சிட்டு ஒதுங்குங்க. எனக்கு வழி விடுங்க."

அவள் கேட்பது நியாயம் என்று அவருக்குத் தெரியும். அவள் இல்லாத வீட்டை நினைத்தால் அவருக்குப் பயம், அவ்வளவுதான்.

"இன்னும் ஒரே ஒரு சுத்து" என்றார்.

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னால் நடந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியபோது அவர் இன்னும் மெதுவானார். பின்னால் பேருந்தும் மெதுவானது.