குளிர்ப்பெட்டியின் சொந்தக்காரன்

கப்பலில் கடலே தெரியாத அறைகளும் உண்டு. அவனும் மச்சானும் இருந்தது அப்படி ஒன்றில். நீர்மட்டத்துக்குக் கீழே, இரண்டாவது தளம். சன்னல் இல்லை. மேலும் கீழுமாக இரண்டு படுக்கைகள், ஒரு அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி, செத்துப்போன ஒரு ஃப்ரிட்ஜ்.

ஃப்ரிட்ஜ் செத்தது அவர்கள் வேலையில் ஏறிய மூன்றாம் வாரம். புகார் எழுதிக் கொடுத்தான். பழுது பார்ப்பவர் வந்தார். கதவைத் திறந்தார், மூடினார்.

"கரைக்கு ஏத்தும்போது பார்க்கலாம்."

"இதை எதுக்குண்ணே கரைக்கு ஏத்தணும்? இங்கேயே பாருங்களேன்."

"ஃப்ரிட்ஜை இல்லப்பா. கப்பலை."

கப்பலைக் கரையேற்ற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

அவனுக்கு அதனால் பெரிய குறை இல்லை. அவன் பயணிகளின் அறைகளைப் பார்ப்பவன். ஏழாம் தளத்தில் பதினாறு அறைகள். படுக்கை விரிக்க வேண்டும், குளியலறை துடைக்க வேண்டும், ஐஸ் வாளி நிரப்ப வேண்டும். குளிர்ந்த காற்றிலேயே அவன் பொழுது போய்விடும். மச்சானுக்கோ சலவைக்கூடத்தில் வேலை. பன்னிரண்டு உலர்த்தும் இயந்திரங்கள். விடிவதற்கு முன் உள்ளே போனால் பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே வருவார், அவித்து எடுத்தது போல. உணவுக்கூடம் மறுபடி ஐந்து மணிக்குத்தான் திறக்கும். அறைக் குழாயில் வருவது வெதுவெதுப்பான தண்ணீர்.

"மாப்ளே, ஒரே ஒரு வாய் ஜில்லுனு குடுத்துடு. சொத்தை எழுதி வைக்கிறேன்."

"உங்க சொத்து என்னன்னு எனக்குத் தெரியும் மச்சான். ரெண்டு லுங்கி."

"மூணு. ஒண்ணு காயுது."

மச்சான் என்றால் பேச்சுக்கு மச்சான் இல்லை. அவன் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். மூன்று வயது மூத்தவர். இந்த வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். 'நான் இருக்கேன், பயப்படாம அனுப்பு' என்று தங்கையிடம் சொல்லி அழைத்து வந்தவர்.

ஆகவே அவன் வழி தேடினான். முதலில் ஈரக் காலுறைக்குள் பாட்டிலை நுழைத்துக் காற்று வரும் துவாரத்தில் கட்டித் தொங்கவிட்டான். தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்தது. அறை முழுதும் காலுறை மணத்தது. அடுத்து, பயணிகள் இறங்கும் நாட்களில் அவர்கள் வாளிகளில் மீந்த ஐஸைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டி நான்கு பாட்டில்களைப் புதைத்தான். இரண்டு மணி நேரம் தாங்கியது. மச்சான் முகம் கழுவப் போனால் பாட்டில்கள் முறைத்தன.

"தொட்டியில குடித்தனம் பண்றானுங்க மாப்ளே. நான் எங்கே போய்க் கழுவ?"

ஐஸ் எல்லா நாளும் மிஞ்சவும் இல்லை.

பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது. ஏழாம் தளத்து வயதான தம்பதி கொண்டுவந்திருந்தார்கள். ஆறு பான டப்பா கொள்ளும் சின்னக் குளிர்ப்பெட்டி. வயரைச் சுவரில் செருகினால் போதும்.

"அறையில நீங்க வச்சிருக்கீங்களே, அது ஃப்ரிட்ஜ் இல்ல தம்பி," என்றார் பெரியவர். "உள்ளே வச்சது சூடாகாம பார்த்துக்குது, அவ்வளவுதான். அதான் சொந்தமா ஒண்ணு வாங்கிட்டோம்."

இறங்குகிற காலையில் அந்த அம்மாள் பெட்டியை அவன் கையில் கொடுத்தார். பையில் இடமில்லை என்றார்.

பயணி எதைக் கொடுத்தாலும் ஒரு சீட்டு எழுதி வாங்க வேண்டும். அது விதி. சீட்டு இருந்தாலும் மின்சாரத்தில் ஓடும் எதையும் ஊழியர் அறையில் வைக்கக் கூடாது. அதுவும் விதி, இன்னும் பெரிய விதி. கப்பலில் தண்ணீருக்குப் பயந்தவர்களை விடத் தீக்குப் பயந்தவர்களே அதிகம். 'வேண்டாம்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று மணிக்கு மச்சானின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தான். வாங்கிக்கொண்டான்.

கீழ்ப் படுக்கைக்கு அடியில் மிதவைச் சட்டைகள் வைக்கும் இழுப்பறை. சட்டைகளை எடுத்து அலமாரி மேல் திணித்தான். பெட்டியை அங்கே வைத்தான். வயரைக் கட்டில் காலோடு ஒட்டினான்.

அன்று மச்சான் முதல் டப்பாவைத் திறக்கவில்லை. கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கழுத்தில். பிறகு கண்களில்.

"என் தங்கச்சி குடுத்து வச்சவடா," என்றார்.

புதன்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அறைச் சோதனை. சோதிக்க வரும் பாதுகாப்பு அதிகாரிக்குக் கீழ்த்தளத்தில் தீப்பெட்டி என்று பெயர். எதைப் பார்த்தாலும் 'பத்திக்கும்' என்பார். புதன் விடியலில் மச்சான் பெட்டியை அழுக்கு விரிப்புகளில் சுற்றித் தள்ளுவண்டியில் போட்டுச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோய்விடுவார். மூன்று மணிக்கு அதே வண்டியில் திரும்ப வரும். ஐந்து மாதம் இப்படி நடந்தது. ஒரு புதன்கூடத் தவறவில்லை.

அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. ஏழாம் தளத்துப் பொறுப்பாளர் ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்கு அவன் பெயர் போயிருந்தது. வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டுவார்கள்.

"பேர் இருக்கு," என்றார் மேலாளர் அம்மா. "வெள்ளிக்கிழமை வரைக்கும் இருமக்கூடாது, தும்மக்கூடாது. புரியுதா?"

பொறுப்பாளருக்குத் தனி அறை. வட்டமாக ஒரு சன்னல். ஆண்டுக்குப் பதினைந்து நாள் மனைவியைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டரை வருடம். சேர்ந்திருந்தது அறுபத்துநான்கு நாள். கணக்கு அவளுடையது. பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். கப்பல் ஆடினால் வாந்தி வருமா, சேலை கட்டினால் சிரிப்பார்களா, கடல் சத்தத்தில் தூக்கம் வருமா என்று தினம் ஒரு கேள்வி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மச்சான் கட்டிலில் சாய்ந்தபடி சொன்னார்.

"நாளைக்குச் சோதனை கிடையாது மாப்ளே. தீப்பெட்டிக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சாம். படுத்த படுக்கை."

"யார் சொன்னா?"

"சலவைக்கு வராத சேதியா? பெட்டி கிடக்கட்டும். வண்டியும் நாளைக்கு ரிப்பேருக்குப் போகுது."

கிடக்கட்டும் என்று விட்டான்.

புதன்கிழமை பத்தேகாலுக்கு ஏழாம் தளத்துக்கு ஒருவர் வந்து கூப்பிட்டார். கீழே இறங்கினான். அறைக் கதவு திறந்திருந்தது. தீப்பெட்டி நேராக நின்றிருந்தார். இடுப்புப் பிடிப்பின் சுவடே இல்லை. பெட்டி படுக்கையின் மேல் இருந்தது, திறந்தபடி. உள்ளே நான்கு டப்பாக்கள் வேர்த்துக்கொண்டிருந்தன. மச்சானையும் அழைத்து வந்திருந்தார்கள். சுவரோரமாக நின்றார்.

"மிதவைச் சட்டை இருக்கவேண்டிய இடத்துல மின்சாரப் பெட்டி," என்றார் தீப்பெட்டி. "பத்திக்கிட்டா இந்தத் தளமே போகும். யாரோடது?"

தீப்பெட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும் சொல்லலைன்னா ரெண்டு பேருக்கும் எச்சரிக்கை எழுதுவேன்."

அவன் மனதுக்குள் வேகமாக ஓட்டிப் பார்த்தான். மச்சானுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று தாமதத்துக்கு, ஒன்று வாய்க்கு. மூன்றாவது வந்தால் அடுத்த துறைமுகத்தில் பையோடு இறங்க வேண்டியதுதான். அவனுக்கு ஒன்றும் இல்லை, வெள்ளைத்தாள். ஒன்று விழுந்தால் வேலை போகாது. பட்டியலில் பெயர் போகும். ஆறு மாதத்துக்குப் பெயர் எழுத மாட்டார்கள். இந்த இடத்தை அதற்குள் வேறு யாராவது நிரப்பிவிடுவார்கள்.

வட்டச் சன்னல் ஒருமுறை வந்து போனது.

"என்னோடது," என்றான். "அவருக்குத் தெரியாது."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், நெஞ்சு அடைத்துவிட்டது என்று நினைத்தான்.

கையெழுத்துப் போட அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த எழுத்தர் பெண் காகிதங்களைத் திருப்பிக் காட்டினாள்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. நீங்களே ஒத்துக்கிட்டது நல்லதாப் போச்சு. இதை நாங்க எடுக்கவேண்டிய அவசியமே இல்லாம போச்சு."

'இது' அடியில் இருந்தது. கையால் எழுதிய ஒரு தாள். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. சலவைப் பைகளின் மேல் அறை எண் எழுதும் அதே எழுத்து.

*என் அறையில் இருப்பவர் தடைசெய்யப்பட்ட குளிர்ப்பெட்டி ஒன்றை மிதவைச் சட்டை இழுப்பறையில் வைத்திருக்கிறார். வேண்டாம் என்று பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை.*

கீழே கையொப்பம். தேதி, திங்கட்கிழமை.

இரண்டாவது தடவை படித்தான். 'என் அறையில் இருப்பவர்' என்ற இடத்தில் நின்றான். தங்கையின் புருஷன் என்று எழுத அலுவலகத் தாளில் இடமில்லைதான்.

"இது எதுக்கு எழுதினாராம்?"

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உணவுக்கூடத்துல ஒட்டியிருக்கே, படிக்கலையா? தீ விபத்து வரக்கூடிய விஷயத்தை முன்வந்து சொன்னா பழைய எச்சரிக்கை ஒண்ணை எடுத்துடுவாங்க. அவருக்கு எடுத்தாச்சு."

கையெழுத்துப் போட்டான். பேனா எழுதவில்லை. வேறு பேனா கொடுத்தாள்.

மூன்று மணிக்கு மச்சான் வந்தார். அவன் மேல் படுக்கையில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். மச்சான் சட்டையைக் கழற்றினார். முதுகெல்லாம் சிவந்திருந்தது.

"எப்படியோ, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு மாப்ளே."

"யாரு தலை மச்சான்? யாரு தலைப்பாகை?"

மச்சான் சட்டையை மடித்தார். அழுக்குச் சட்டையை யாரும் மடிப்பதில்லை.

"பார்த்துட்டியா?"

"தேதியோட பார்த்தேன்."

மச்சான் மடித்த சட்டையை மறுபடி பிரித்தார்.

"எனக்கு ரெண்டு இருந்துச்சுடா. ரெண்டோட இருக்கிறவன் பாதி இறங்கினவன். அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். ரெண்டோட போனா புதுப்பிப்பானா? ஒண்ணாவது அழியணும். உனக்கு ஒண்ணு வந்தா என்ன, வேலை போயிடுமா?"

"வெள்ளிக்கிழமை பட்டியல்னு உங்களுக்குத் தெரியும்."

"அடுத்த தடவை வரும். சின்னப் பையன் நீ."

"உங்க தங்கச்சி வர இருந்தா மச்சான்."

மச்சான் லுங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பே?"

"இன்னிக்குச் செஞ்சதைத்தான்."

மச்சான் கட்டிலில் உட்கார்ந்தார். மேலிருந்து அவருடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது. நடுவில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது.

"தெரியும்," என்றார். "நீ அப்படித்தான் செய்வேன்னு தெரியும். ஆனா அதை நம்பி உட்கார்ந்திருக்கப் பயமா இருந்துச்சு."

கொடுக்கத் தயாராக இருந்ததையே திருடியவரிடம் என்ன கேட்பது? ஐந்து மாதம் ஒவ்வொரு டப்பாவாக வாங்கி அடுக்கிய கை அவனுடையது. குடித்தது பாதிக்கு மேல் அவர்.

"தங்கச்சிகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதே," என்றார் மச்சான், கீழே இருந்தபடியே. "பொம்பளப்பிள்ளை. மனசு உடைஞ்சிடுவா."

ஊழியர் தொலைபேசிகள் மூன்றாம் தளத்து நடைபாதையில் வரிசையாக இருக்கும். ஆறு மணிக்கு அவனுக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நகர்ந்தான். இப்போதைக்கு வர முடியாது என்று மட்டும் சொல்லலாம். பட்டியலில் வேறு பெயர் வந்துவிட்டது என்று சொல்லலாம். அண்ணன் பெயரை எடுக்காமல் இருக்க இரண்டு வழிகள் கிடைத்தன.

இணைப்பு கிடைத்ததும் அவள் வழக்கம்போல் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்கவில்லை.

"அண்ணன் பேசினாரு," என்றாள்.

"எப்போ?"

"மத்தியானம். ஏதோ பெட்டி வச்சு மாட்டிக்கிட்டீங்களாமே."

மத்தியானம். சலவைக்கூடத்தில் சாப்பாட்டு நேரம் இருபது நிமிடம். அதற்குள் மூன்றாம் தளத்துக்கு ஏறி வந்து பேசியிருக்கிறார்.

"என்ன சொன்னாரு?"

"வேண்டாம் மாப்ளே, வேண்டாம் மாப்ளேன்னு எவ்வளவோ சொன்னாராம். நீங்க கேக்கலையாம். அவரையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பாங்களாம்." அவள் குரல் தழுதழுத்தது. "ஜில்லுனு குடிக்கிறதுக்காகவாங்க? ஒரு வாரம் பொறுத்துக்க முடியலையா? நான் இங்க நாளை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

அந்த இரண்டு வழிகளும் அடைபட்டுப்போயின.

"அது எனக்காக வாங்கினது இல்ல," என்றான். "உங்க அண்ணனுக்காக. அவர்தான் மேலே எழுதிக் குடுத்தாரு. திங்கட்கிழமையே. நான் காகிதத்தைப் பார்த்தேன்."

மறுமுனையில் ஒரு பாத்திரத்தை யாரோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவள் மாமியார் வீட்டில், அவன் அம்மாவின் அடுப்படியில் நின்றுதான் பேசுவாள்.

"நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குது."

"ஒண்ணும் சொல்லலையே."

"இதையும் அண்ணன் சொன்னாரு," என்றாள் அவள். மெதுவாக, தனக்கே பிடிக்காததைச் சொல்வதுபோல. "கோவத்துல என் மேல பழி போடுவான், நீ மனசுல வச்சுக்காதே, பாவம் அவனுக்கும் ஏமாற்றம்தானேன்னு."

அவன் சுவரில் சாய்ந்தான். சுவர் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. என்ஜின் அந்தப் பக்கம்தான்.

"நீ என்ன நினைக்கிறே?"

"அவர் என்னை வளர்த்தவருங்க."

"சரி."

"கோவமா?"

"இல்ல. பின்னால ஆள் நிக்கிறாங்க."

பின்னால் யாரும் இல்லை. ரிசீவரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு படியிறங்கினான்.

அறையில் விளக்கு எரிந்தது. மச்சான் படுத்திருந்தார். தொட்டி நிறைய ஐஸ். எங்கிருந்தோ கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். நடுவில் ஒரே ஒரு பாட்டில், அவன் குடிக்கும் எலுமிச்சை.

"எடுத்துக்கோ மாப்ளே," என்றார். "தங்கச்சிகிட்ட பேசினியா? என்ன சொன்னா?"

அவன் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினான். தண்ணீர் இறங்கியது, ஐஸ் தங்கியது. கையால் அள்ளி ஓரமாக ஒதுக்கிவிட்டு, குழாயைத் திறந்து முகம் கழுவினான்.

"நீ சொல்லிக் குடுத்ததை," என்றான்.