சதுப்புக்குக் கட்டாய லீவு

நான் குடிதண்ணி ஆபீஸ்ல கிளார்க். ஊழியர்களோட லீவு ஃபைல் எல்லாம் என் தலையிலதான். ஆத்துத் தண்ணி ஊருக்கு வெளிய இருக்கிற சதுப்பு நிலத்துல நாணலுக்கு நடுவுல பத்து நாள் மெதுவா ஊர்ந்து, அழுக்கெல்லாம் கழிஞ்சுதான் எங்க தொட்டிக்கு வரும்.

எனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்த புண்ணியவான், ஊழியர் பதிவேட்டுல "தண்ணி சுத்தம் செய்பவர் பெயர்"ங்கிற கட்டத்துல "சதுப்பு"ன்னு எழுதி வெச்சுட்டு ரிட்டையர் ஆயிட்டார். ஏதோ ஆள் பேருன்னு நெனச்சு மேலிடத்துல நம்பர் போட்டு ஃபைலே தொறந்துட்டாங்க. வம்பு எதுக்குன்னு நானும் தொடல.

புது அதிகாரி வந்தார். தங்கமான மனுஷன், அதுதான் தலைவலி. சதுப்போட ஃபைலைப் புரட்டிட்டுக் கண் கலங்கிட்டார். முப்பத்தொரு வருஷமா ஒரு நாள் லீவு எடுக்கலையே, இது அநியாயம் இல்லையான்னு கேட்டார். அது ஆள் இல்ல சார், வெறும் சேறும் நாணலும்னு சொன்னேன். கூட வேலை பார்க்கிறவரைச் சேறுன்னு சொல்றதான்னு என்மேல பாய்ஞ்சார். திங்கக்கிழமையிலிருந்து முப்பது நாள் கட்டாய லீவு. அந்த முப்பது நாளும் ஆத்துத் தண்ணியைப் பக்க வாய்க்கால் வழியா நேரா தொட்டிக்குத் திருப்பிவிடணுமாம்.

போன வருஷம் தூர் வாரறோம்னு ஒரே ஒரு வாரம் இப்படித் திருப்பிவிட்டாங்க. என் பொண்ணு மஞ்சக்காமாலையில பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா. இன்னொரு தடவை வந்தா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்ல காய்ச்சிக் குடுப்போம், பள்ளிக்கூடத்துல குழாயைத் தொறந்து குடிப்பாளே, என்ன செய்யறது?

கெஞ்சினேன், கத்தினேன். அவர் அசையல. அப்பதான் விதி ஞாபகம் வந்துச்சு. லீவுல போறவரோட வேலையை யாராவது கையெழுத்துப் போட்டு ஏத்துக்கணும். பட்டியலை நானே டைப் அடிச்சேன்: தெனம் நாலு கோடி லிட்டர் தண்ணியை வடிகட்டணும், மழை வெள்ளத்தைத் தேக்கி வெச்சுக் கோடையில கொஞ்சங்கொஞ்சமா விடணும், மீன் குஞ்சுகளை வளர்க்கணும், வெயில்ல ஊர்க் காத்தைக் குளிர வைக்கணும். ஆபீஸ் பூராவும் சுத்தினேன். காத்து வேலை மட்டும்னா பார்க்கறேன்னு எலக்ட்ரீஷியன் சொன்னார். மத்தவங்க கழண்டுக்கிட்டாங்க.

அப்ப நானே ஏத்துக்கறேன்னு அதிகாரி பேனாவைத் தொறந்தார். வெளிய போய் ஆத்துல ஒரு டம்ளர் மொண்டு வந்து அவர் மேஜையில வெச்சேன். பழுப்புத் தண்ணி, ஓரத்துல நுரை.

"இது முதல் டம்ளர் சார். சாயந்திரத்துக்குள்ள சுத்தம் பண்ணிக் குடுங்க. என் பொண்ணு குடிக்கணும்."

கைக்குட்டையால வடிகட்டினார். ஊதிப் பார்த்தார். சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காம அதையே பார்த்துட்டிருந்தார். அஞ்சு மணிக்கு, "மாற்று ஆள் கிடைக்காததால் விடுப்பு மறுக்கப்படுகிறது"ன்னு எழுதி, சம்பந்தப்பட்டவர்கிட்ட நேர்ல குடுத்துட்டு வாங்கன்னார்.

ஜெயிச்ச சந்தோஷத்துல சைக்கிளை மிதிச்சேன். முழங்கால் சேத்துல எறங்கி நின்னு உத்தரவைச் சத்தமா படிச்சேன். பாதியிலேயே தாளை மடிச்சுட்டேன். வேற யாருக்கு லீவு இல்லன்னு சொன்னாலும் என் சட்டையைப் பிடிப்பாங்க. இங்க தண்ணி அதுபாட்டுக்கு நாணலுக்குள்ள போயிட்டே இருந்துச்சு.

"மன்னிச்சுக்கோங்க. என் பொண்ணு சின்னவ. உங்களை விட்டா எங்களுக்கு ஆள் இல்ல."