எஞ்சின் மூடியில் பதினான்கு கீற்றுகள்

2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஏழாம் நாள், சனிக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு எங்கள் மாதிரி வாகனக் கழகத்தின் அறையில் மூவர் கூடினோம். அறை ஓர் அச்சகத்தின் மாடியில் இருக்கிறது. கீழே எந்திரம் ஓடும்போது மேசைமீது வைத்த திருகாணிகள் மெல்ல நகரும். தலைமை நடுவராக நான் இருந்தேன். செயலாளராக, கடைசல் பட்டறை வைத்திருக்கும் லேத்துக்காரர் இருந்தார். மூன்றாமவர் புகார் கொடுத்த என் தம்பி. புகார் ஒரே வரிதான்: இவ்வாண்டுப் போட்டிக்கு வந்திருக்கும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை, அதைக் கொண்டுவந்த பல்செட்டுக்காரர் செய்யவில்லை, வெளிநாட்டில் ஆயத்தமாக விற்பதை வாங்கி, அதற்குப் பெயின்ட் மட்டும் அடித்திருக்கிறார்.

கழகத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர். பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டிக் கார் செய்வதை நாங்கள் வேலையாகக் கருதுவதில்லை. உண்மையான காரின் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில், சக்கரம் முதல் ஸ்டியரிங் வரை ஒவ்வொன்றையும் செய்பவர் தம் கையாலேயே உருவாக்க வேண்டும். வாங்கியதைச் செய்ததாகச் சொல்பவர் அன்றே நீக்கப்படுவார்; அவர் பெயரும் நீக்கிய காரணமும் கதவருகே உள்ள பலகையில் ஓராண்டு ஒட்டப்பட்டிருக்கும். இதற்கு முன் ஒருவர் அப்படி நீக்கப்பட்டார். அதன்பின் அவர் இந்தத் தெரு வழியே வருவதில்லை.

பல்செட்டுக்காரர் வெளியே நடையில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பல் மருத்துவர்கள் அனுப்பும் அளவுக்கு ஏற்பப் பல்செட்டு செய்து கொடுப்பது அவர் தொழில். கழகத்தில் சேர்ந்து மூன்றாண்டு ஆகிறது. முதலிரண்டு ஆண்டுகளில் அவர் கொண்டுவந்த கார்கள் கடைசி இடத்துக்குக்கூடத் தடுமாறின.

“அக்கா, நீயே பாரு. போன வருஷம் இவரு கொண்டுவந்தது சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருந்துச்சு. பன்னண்டு மாசத்துல ஒரு மனுஷனுக்குக் கை இப்படித் திருந்துமா?” என்றான் தம்பி. அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஐந்து முறை முதற்பரிசு வாங்கியவன்.

“கை திருந்தலாம். உங்களுக்கு வாய்தான் இன்னும் திருந்தல,” என்றார் லேத்துக்காரர்.

“விளையாடாதீங்கண்ணே. அட்டைப் பெட்டியைத் துணி போட்டு மூடித் தூக்கிட்டு வந்தாரே, பார்த்தீங்கல்ல? நான் எட்டிப் பார்த்ததும் சட்டுன்னு இழுத்து மூடினாரு. கைவேலைக்காரன் எவனாவது செஞ்சதை ஒளிப்பானா?”

தம்பி சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. காரைக் கையிலெடுத்து விளக்கின் கீழ் வைத்தேன். எட்டு ஆரக்கால்கள் கொண்ட நான்கு உலோகச் சக்கரங்கள். அவற்றை வெர்னியர் என்னும் நுண்ணளவுகோலால் அளந்தேன். (என் முதுகுக்குப் பின்னால் என்னையே அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள், எனக்குத் தெரியும்.) முன்சக்கரங்கள் இரண்டுக்கும் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட வேறுபாடில்லை. பின்சக்கரங்களும் அப்படியே. லாரிக்கூடு கட்டும் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டு வரைவாளராக இருந்தவள் நான். கையால் செய்த இரண்டு பொருள்கள் அண்ணன் தம்பி போல இருக்கும். ஒன்றாகவே இருந்து நான் பார்த்ததில்லை.

“கெட்டுப்போன துண்டு டப்பா எங்கே?” என்று கேட்டேன். செய்யும்போது உடைந்தவை, கோணியவை, பாதியில் விட்டவை ஆகிய அனைத்தையும் ஒரு டப்பாவில் போட்டுக் காருடன் ஒப்படைப்பது எங்கள் வழக்கம். தம்பியின் டப்பா ஒவ்வோர் ஆண்டும் மூட முடியாமல் ரப்பர் வளையம் போட்டு வரும்.

“கொடுக்கல. ஒண்ணும் மிஞ்சலைன்னு சொல்றாரு,” என்றார் லேத்துக்காரர். பிறகு காரைத் தலைகீழாகத் திருப்பி, இருக்கைக்கு அடியில் விரல் வைத்தார். “ஆனா இங்க பாருங்க மேடம். ரோஸ் கலர்ல ஒரு பிசிறு. பல்செட்டுல ஈறுக்குப் போடுவாங்களே, அந்தப் பிளாஸ்டிக் மாதிரி இருக்கு.”

“நாம பார்க்கணும்னே தடவி வெச்சிருப்பாரு,” என்றான் தம்பி.

அதையும் நான் ஏற்றுக்கொண்டேன். இப்போது எழுதும்போது கூசுகிறது, அப்போது கூசவில்லை.

அவரை உள்ளே அழைத்தோம். நகக்கண்களில் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. உழைப்பைக் காட்டுவதற்காகவே கழுவாமல் வந்திருக்கிறாரோ என்று நினைத்தேன்.

“இதை நீங்கதான் செஞ்சீங்களா?”

“ஆமாங்க, மேடம்.”

“எப்படிச் செஞ்சீங்க?”

அவர் பார்வை மேசைமீதிருந்த விதிப்புத்தகத்துக்குப் போயிற்று. “கையாலதாங்க.”

“கெட்டுப்போன துண்டு ஒண்ணுகூடவா இல்ல?”

“இல்லீங்க.”

“முதல் தடவையிலேயே எல்லாம் சரியா வந்துருச்சா? கொடுத்து வெச்ச கைதான்,” என்றான் தம்பி.

“சரியா வரலீங்க. சக்கரம் மட்டுமே நாப்பது தடவை வீணாப் போச்சு.”

“வீணாப் போனது எங்க?”

“அது... இருக்காதுங்க.”

“இருக்காதுன்னா? ஆவியாப் போயிருச்சா?”

அவர் மறுபடி விதிப்புத்தகத்தைப் பார்த்தார். பின்பு என்னைப் பார்த்து, “மேடம், ஏழாவது விதியில தகடு, கம்பி, குச்சின்னு மூணுதானே போட்டிருக்கு? வேற ஏதும் சேர்த்தி இல்லீங்களே?” என்று கேட்டார்.

ஏழாவது விதியைப் பற்றி எங்களில் எவரும் பேசவில்லை. குற்றமற்றவர் விதிகளின் எல்லையைத் தடவிப் பார்ப்பதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, அவரை மறுபடி வெளியே இருக்கச் சொன்னேன். கதவு மூடியதும் தம்பி இரண்டு கைகளையும் விரித்தான். இதற்குமேல் என்ன வேண்டும் என்பது அதற்குப் பொருள். லேத்துக்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முடிவை எழுதத் தொடங்கினேன். நீக்கல் அறிக்கையில், பொருளை முழுமையாக விவரித்த பிறகே காரணத்தை எழுத வேண்டும். அந்தப் படிவத்தை வகுத்தவளும் நானே. நிறம் கரும்பச்சை. நீளம் நூற்று அறுபத்தெட்டு மில்லிமீட்டர். எஞ்சின் மூடியில் வெப்பக்காற்று வெளியேறும் கீற்றுகள்: வலப்பக்கம் பதினான்கு. இடப்பக்கத்தை எண்ணினேன். பதினான்கு. ஊசி முனையை ஒவ்வொன்றாக வைத்து மீண்டும் எண்ணினேன். பதினான்குதான்.

உண்மையான காரில் இடப்பக்கம் பதின்மூன்று. புகைக்குழாய் அங்கே வளைந்து வெளியேறுவதால் ஒரு கீற்றுக்கு இடமில்லை. கார் இன்றும் ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மாதிரி செய்து விற்பவர்கள் அதை அளந்துதான் செய்கிறார்கள். இடப்பக்கம் பதினான்கு கீற்றுகள் உள்ள கார் உலகில் ஒரே ஓரிடத்தில்தான் உண்டு: 2003இல் நான் வரைந்து கழகத்துக்குக் கொடுத்த வரைபடத்தில். வலப்பக்கத்தை வரைந்து முடித்ததும், அந்த ட்ரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு அப்படியே இடப்பக்கமாகப் பிரதி எடுத்துவிட்டேன். முதலாண்டு பயிற்சிக்கு வரும் பெண்கள்கூடச் செய்யத் தயங்கும் தவறு.

இது எனக்குத் தெரியாத செய்தியன்று. 2009ஆம் ஆண்டுப் போட்டிக்கு லேத்துக்காரர் இதே காரைச் செய்து கொண்டுவந்தார்; இடப்பக்கம் பதின்மூன்று கீற்றுகள் வெட்டியிருந்தார். வரைபடத்தோடு ஒவ்வவில்லை என்று மூன்று மதிப்பெண் குறைத்தேன். அவருக்கு எண்பத்தொன்பது, வேறொரு கார் செய்திருந்த என் தம்பிக்குத் தொண்ணூற்றொன்று. மறுவாரம் வீட்டில் பழைய புகைப்படங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோதுதான் யார் சரி என்று தெரிந்தது. புகைப்படங்களை உறைக்குள் போட்டேன். எவரிடமும் பேசவில்லை. ஆறாண்டு ஆயிற்று.

“எழுதுக்கா. எதுக்கு நிறுத்திட்ட?”

கையெழுத்துக்கு இரண்டு வரிதான் மீதி. கையெழுத்திட்டால் பலகையில் ஒரு பெயர் ஏறும்; வரைபடம் இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கும். பதின்மூன்று, பதினான்கு என்னும் கணக்கை என்னைத் தவிர எவரும் எழுப்பப்போவதில்லை. அல்லது எழுப்பக்கூடிய ஒருவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறானா? தம்பியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். இது தெரிந்தேதான் என்னைக் கொண்டு முடிக்கப் பார்க்கிறானோ?

“இந்தக் காருக்கு இடப்பக்கம் எத்தனை கீற்று?” என்று கேட்டேன்.

“பதினாலு. நீ வரைஞ்சதுதானே, என்னைக் கேக்குற?”

அவனுக்குத் தெரியவில்லை. அவன் பொய் சொல்லும்போது மூக்கைத் தொடுவான், தொடவில்லை. அவன்மேல் இருந்த ஐயம் தீர்ந்தது; என்மேல் இருந்தது தீர வழியில்லை.

லேத்துக்காரரைப் பார்த்துக் கேட்டேன்: “நீங்க அன்னிக்கு எத்தனை போட்டீங்க?”

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. “பதிமூணு.”

“ஏன்?”

“போட்டோவுல பதிமூணுதான் தெரிஞ்சுது. நீங்க பதினாலுன்னீங்க. சரி, நம்ம கண்ணுதான் போச்சு போலன்னு கண்ணாடி மாத்துனேன்.” தம்பியின் பக்கம் தலையசைத்தார். “இவரு கடையிலதான்.”

“உங்க கண்ணுல கோளாறு இல்ல. என் வரைபடம் தப்பு. அடுத்த வாரமே எனக்குத் தெரியும்.”

கீழே அச்சு எந்திரம் நின்றிருந்தது. லேத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அக்கா, ஆறு வருஷக் கதை. அதை இப்போ எதுக்கு இழுக்குற?”

“இப்போதான் தேவைப்படுது. வெளியில வாங்கின காரா இருந்தா இந்தப் பக்கம் பதிமூணு இருக்கணும். பதினாலு இருக்குன்னா என் வரைபடத்தை வெச்சுச் செஞ்சது. அந்த வரைபடம் நம்ம கழகத்தை விட்டு வெளிய போனதில்ல. பிரதி நம்ம ஆளுங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.”

“அப்போ நம்ம ஆளு எவனாவது செஞ்சு கொடுத்திருக்கலாம்ல?”

“யாரு?” என்றார் லேத்துக்காரர். “பன்னண்டு பேர்ல இப்படி ஒரு சக்கரம் செய்யத் தெரிஞ்சவன் ஒருத்தன் பேரைச் சொல்லுங்க. உங்க பேரு, என் பேரு, எதுவேணாலும் சொல்லுங்க.”

தம்பி சக்கரத்தைப் பார்த்தான். அதை விரலால் ஒருமுறை சுற்றிவிட்டுக் காரை என் பக்கம் தள்ளினான்.

இரண்டாம் முறையாகப் பல்செட்டுக்காரரை அழைத்தேன். எழுந்து நின்று, புகார் நிற்காது என்றும், காரணம் இன்னது என்றும், தவறு என்னுடையது என்றும் அவரிடம் சொன்னேன். பிறகு, எதைக் கொண்டு, எப்படிச் செய்தார் என்று மறுபடியும் கேட்டேன்.

“மெழுகுங்க, மேடம்,” என்றார் தயங்கியபடி. “ரெண்டு வருஷம் எல்லாரும் சொன்ன மாதிரி தகட்டை வெட்டி ஒட்டிப் பார்த்தேன், வரல. எனக்குத் தெரிஞ்ச வேலையில செய்வோமேன்னு, பல்லுக்குச் செய்ற மாதிரியே ரோஸ் மெழுகுல செதுக்கினேன். பின்சக்கரத்துல ஒண்ணு, முன்சக்கரத்துல ஒண்ணு. நாங்க அச்செடுக்குற பசையில அச்செடுத்து, அதுலயே மறுபடி மெழுகு ஊத்தி, தண்ணி விட்டா இறுகுற மாவுக்குள்ள பொதைச்சுச் சுட்டா மெழுகு உருகிப் போயிரும். அந்தக் குழியில உலோகத்தை ஊத்தணும். சரியா வரலைன்னா அதையும் உருக்கித் திரும்ப ஊத்துவேன். பசையையும் உருக்கி அடுத்த பல்செட்டுக்கு எடுத்துப்பேன். அதான் டப்பாவுல போட ஒண்ணுமில்ல.”

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றான் தம்பி.

“விதியில மெழுகு இல்லீங்களே. சொன்னா நீக்கிருவீங்கன்னு பயந்தேன்.” பின்பு மெதுவாகக் காரின் இடப்பக்கத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். “அப்போ இது பதிமூணா? பதினாலாவதுக்கு இடமே பத்தலீங்க. குழாய் குறுக்க வருது. ஒவ்வொரு கீற்றையும் இழைச்சு இழைச்சு ஒல்லியாக்கித்தான் நுழைச்சேன். நான்தான் எங்கயோ தப்பா அளந்துட்டேன்னு நெனச்சேன்.”

இரும்பு அலமாரியைத் திறந்து வரைபடத்தை வெளியே எடுத்தேன்.

அன்று முடிவு செய்தவை வருமாறு. புகார் தள்ளப்பட்டது, பல்செட்டுக்காரரின் கார் போட்டியில் நீடிக்கும், இடப்பக்கத்துக் கீற்றுகளுக்காக அதற்கு மதிப்பெண் குறைக்கப்படாது. செய்பவரே மூல உருவைச் செதுக்கியிருந்தால் மெழுகு வார்ப்பும் ஏழாவது விதியில் சேரும். 2003ஆம் ஆண்டு வரைபடம் திரும்பப் பெறப்பட்டது. புதியதை லேத்துக்காரர் வரைந்து தருவார். 2009ஆம் ஆண்டில் குறைத்த மூன்று மதிப்பெண்ணும் அவருக்குத் திரும்பச் சேர்க்கப்பட்டு, அவ்வாண்டின் முதற்பரிசு தொண்ணூற்றிரண்டு மதிப்பெண்ணுடன் அவருக்குரியது என்று பதிவேட்டில் எழுதப்பட்டது. இதற்கு மட்டும் தம்பி கையெழுத்திடவில்லை. ஆனால் 2009இல் தான் வாங்கிய முதற்பரிசுக் கோப்பையைத் திங்கட்கிழமை கொடுத்தனுப்பிவிட்டான். நான் நடுவர் பொறுப்பிலிருந்து விலகினேன். இவ்வாண்டுக் கார்களை வேறொரு கழகத்திலிருந்து வரும் நடுவர் மதிப்பிடுவார். நான் விலகிய காரணம் என் கையெழுத்திலேயே எழுதப்பட்டுக் கதவருகே உள்ள பலகையில் ஒட்டப்பட்டது. அது அங்கே ஓராண்டு இருக்கும்.