வீட்டுக்காரவுக கொக்கி

பல்கலைக்கழக மியூசியத்தில் அனந்தநாராயணனுக்கு நான்கு வருஷமாகத் தற்காலிக குமாஸ்தா வேலை. மாதுங்காவிலிருந்து ரயிலில் வருவான், அட்டைகளில் விவரம் எழுதுவான், மிச்ச நேரத்தில் புத்தகம் படிப்பான். நாள் முழுக்க வாய் திறக்காமல் இருப்பது அவனுக்கு ஒரு சிரமமே இல்லை.

நகரத்துத் தொழிலாளிகளின் கருவிகளைச் சேர்க்கச் சொல்லிப் பேராசிரியர் அவனைத் தாராவிக்கு அனுப்பியது நாற்பத்தாறாம் வருஷ ஆரம்பத்தில். தமிழ் தெரிந்தவன் என்ற ஒரே தகுதிதான். அங்கே சண்முகவடிவு என்ற பெண்பிள்ளை, மூட்டை தூக்குகிறவர்கள் பிடிக்கும் இரும்புக் கொக்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "வீட்டுக்காரவுக சாமான். அவுக வச்சுட்டுப் போனது" என்றாள். அவர் பெயரைக் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதை வைத்துத்தான் அனந்தநாராயணன் ஏழு பக்கம் எழுதினான். தாராவியில் வீட்டுச் சொந்தக்காரர்கள் குடித்தனக்காரர்களுக்குத் தொழில் கருவிகளையும் வாடகைக்கு விட்டுத் தங்கள் பிடியில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயரைச் சொல்லக்கூட ஏழைப் பெண்கள் அஞ்சுகிறார்கள். ஆங்கிலம் நன்றாக வந்திருந்தது. பேராசிரியர் இரண்டு முறை படித்தார். "சனிக்கிழமை கூட்டத்தில் நீங்களே இதை வாசியுங்கள். வேலை நிரந்தரம் என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்" என்றார். அட்டையிலும் அப்படியே அச்சாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை, பொருள்களின் கதைகளைச் சொல்லும் கூட்டம். பொருள் கொடுத்தவர்களையும் அழைத்திருந்தார்கள். சண்முகவடிவு தன் ஓரகத்தி பேராச்சியோடு ஒரு மணி முன்னதாகவே வந்து கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றாள்.

"இதுல என்ன சாமி எழுதியிருக்கு?"

அனந்தநாராயணன் அட்டையைத் தமிழில் சொன்னான். "தாராவி வீட்டுக்காரர் ஒருத்தர், குடியிருக்கறவாளுக்கு வாடகைக்கு விட்ட கொக்கி."

"எந்த வீட்டுக்காரரு? நம்ம பிரம்மநாயகமா?" பேராச்சி குறுக்கே புகுந்தாள். "அவரு ஒரு ஆணியக்கூட சும்மா தரமாட்டாரே! அவரு எப்ப கொக்கி தந்தாரு?"

"நீங்கதானே அன்னிக்கு வீட்டுக்காரர்னு சொன்னேள்?"

"வீட்டுக்காரரு இல்ல சாமி. எங்க வீட்டுக்காரவுக" என்றாள் சண்முகவடிவு.

"அதைத்தானே நானும் சொல்றேன்."

பேராச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "புருசன் சாமி, புருசன்! ஒங்க வீட்டுல பொம்பளைங்க புருசன என்னன்னுதான் சொல்லுவாக?"

ஆத்துக்காரர் என்பார்கள். மாதுங்காவில் வீட்டுக்காரர் என்றால் ஒன்றாம் தேதி வாடகைக்கு வந்து நிற்கும் ஆள். கோட்டுப் பையில் மடித்து வைத்திருந்த ஏழு பக்கங்களின்மேல் அனந்தநாராயணனின் கை போயிற்று.

"எங்க வேலை பார்த்தார்?"

"கோதியில, கப்பல் வந்து நிக்கிற எடத்துல. ரெண்டு வருசம் முன்ன கப்பல் வெடிச்சதுல்லா, அன்னைக்குக் காலம்பற கொக்கிய மறந்து வச்சுட்டுப் போனாக. எடுத்துக்கிட்டு டேசனுக்கு ஓடினேன். வண்டி போயிட்டு." அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆளு கெடைக்கல. பேராவது ஒரு எடத்துல இருக்கட்டும்னுதான் இதக் குடுத்தேன்."

"பேரைச் சொல்லவே இல்லையேம்மா நீங்க."

"நான் எப்படிச் சொல்ல? அக்கம்பக்கத்துல கேட்டு எழுதியிருப்பீகன்னு நெனச்சேன்."

அவன் பேராச்சியைப் பார்த்தான். "எனக்கும் அத்தான் மொற. நானும் சொல்லப்படாது" என்றாள் அவள்.

உள்ளே நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. சண்முகவடிவு சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தாள். "பாவநாசத்துக்கு மேல, காட்டுக்குள்ள, ஆத்தோரம் கோயிலு. ஆடி அமாவாசைக்கு ஊரே போகும். அந்தச் சாமி பேரு."

"காட்டுக்குள்ளன்னா அய்யப்பனாக்கும்?"

"கிட்டதான். ஆனா அது இல்ல."

"சாஸ்தா?"

"வெளங்குன மாதிரிதான்" என்றாள் பேராச்சி. "சாமி, ஒடம்பு அரிச்சா என்ன செய்வீக?"

"சொறிவேன்."

"அது முன்னால. சிப்பிக்குள்ள என்ன இருக்கும்?"

"முத்து." அவன் இரண்டையும் சேர்த்துப் பார்த்தான். "சொரிமுத்து?"

சண்முகவடிவு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தலையசைத்தாள்.

கூட்டத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டபோது, ஏழு பக்கங்களையும் வாசித்துவிடலாம் என்றுதான் எழுந்தான். இரண்டு பெண்களுக்கும் ஆங்கிலம் தெரியாது. தெரிந்த மற்றவர்களுக்குத் தாராவி தெரியாது. பெயரை மட்டும் நடுவில் எங்காவது செருகினால் எல்லோருக்கும் திருப்தி. மேடை ஏறுகிற வரையில் இந்த யோசனை நன்றாகவே இருந்தது. ஆனால் எந்த இடத்தில் செருகினாலும் சொரிமுத்து கொக்கியை வாடகைக்கு விடுகிறவனாகத்தான் ஆனான்.

காகிதத்தைப் பிரிக்காமலே பேசினான். இந்தக் கொக்கி சொரிமுத்துவுடையது. துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். வெடிவிபத்து நடந்த நாள் காலையில் இதை மறந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனார், திரும்பவில்லை. கொடுத்தவர் அவர் மனைவி. அட்டையில் இருப்பது தவறு. ஒரு சொல்லை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். சொரிமுத்துவைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

மௌனம் அவனுக்குப் பழகினதுதான். ஆனால் இது மற்றவர்களுடைய மௌனம், அதில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. பேராசிரியர் இருமிவிட்டு அடுத்தவரை அழைத்தார். கீழே இறங்கிவந்தவனிடம், "முதலில் எழுதியது எவ்வளவு பிரமாதம்!" என்று முணுமுணுத்தார். "சரி, அந்த வேலை விஷயம், பிறகு பார்ப்போம்."

பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். "அம்புட்டுதானா?" என்றாள் பேராச்சி. "மத்தவுக எல்லாம் எம்புட்டு நேரம் பேசுதாக!"

"அவ்வளவுதான் தெரியும்" என்றான் அனந்தநாராயணன்.

"பேர ரெண்டு தடவ சொன்னீக" என்றாள் சண்முகவடிவு. "எனக்குக் கேட்டுச்சு."

அவர்கள் போனபிறகு அவன் பெட்டியைத் திறந்து அச்சடித்த அட்டையை எடுத்தான். புதிதாக ஒன்றை எழுத உட்கார்ந்து, சொரிமுத்து என்று எழுதி முடித்ததும், அவருக்கு என்ன வயது என்று கேட்க மறந்துபோனது நினைவுக்கு வந்தது. எழுந்து படியிறங்கி ஓடினான்.