உளிக்குப் போகும் காளை

தபாலில் வந்த பழங்காசு சேகரிப்போர் சங்க இதழைப் பிரித்ததும் பல்செட்டுக்காரர் தன்னுடைய காளையைப் பார்த்தார். முதலில் சந்தோஷம்தான் வந்தது, தன் காசைப் படம் போட்டிருக்கிறார்களே என்று. அப்புறம்தான் உறைத்தது. அவர் காசை இதழுக்கு அனுப்பவே இல்லை. அது பட்டறையில், மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் காய்ந்துகொண்டிருக்கும் அலமாரிக்குப் பின்னால், பூட்டிய இழுப்பறைக்குள் இருந்தது. போட்டது போட்டபடி எழுந்து ஓடித் திறந்து பார்த்தார். காளை தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றது.

அப்படியானால் படத்தில் இருப்பது யார்?

படத்துக்குக் கீழே செயலாளர் இப்படி எழுதியிருந்தார்: "கண்ணாடிக் கடைக்காரரிடம் புதிதாகச் சேர்ந்த காசு. இதே காசு வேறொரு உறுப்பினரிடமும் இருக்கிறது. இரட்டை என்று சந்தேகம். இருவரும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வரவும். விதிப்படி உளி தயாராக இருக்கும்."

உளி என்ற சொல்லைப் படித்ததும், ஊரார் பல்லையெல்லாம் கட்டுகிறவர் தன் பல்லை நறநறவென்று கடித்தார்.

இரட்டை என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்துக் காசு இயந்திரத்தில் வந்ததில்லை. கீழே ஒரு அச்சு, மரக்கட்டையில் புதைத்து வைத்தது. அதன்மேல் சூடேற்றிய வெள்ளி வில்லை. அதற்கும் மேலே ஒருவன் கையால் பிடித்துக்கொண்ட மேல் அச்சு. இன்னொருவன் சம்மட்டியால் ஓங்கிப் போடுவான். கை கொஞ்சம் நடுங்கினால் காளையின் வால் வில்லைக்கு வெளியே போய்விடும். அடி பலமாக விழுந்தால் ஓரம் வெடிக்கும். அதனால் ஒரே அச்சில் அடித்த காசுகள் கூடப் பிறந்தவர்களைப்போல முகஜாடை ஒத்திருக்குமே தவிர, ஒன்று இன்னொன்றாக இருக்கவே முடியாது. வால் வெட்டுப்பட்ட இடம், ஓர வெடிப்பு, எல்லாமே அச்சு அசலாக ஒத்துப்போகிற இரண்டு காசுகள் கிடைத்தால், ஒன்றைப் பார்த்து இன்னொன்றை வார்த்திருக்கிறார்கள். அல்லது மூன்றாவது ஒன்றிலிருந்து இரண்டையுமே வார்த்திருக்கிறார்கள். அதனால் சங்கத்தில் ஒரு விதி: இரட்டை வந்தால், எது தாய் என்று கூட்டத்திலேயே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் இரண்டுமே பொய். எல்லோர் முன்னாலும் உளி வைத்து நடுவே பிளந்துவிடுவார்கள், இனி எவனையும் அது ஏமாற்றக் கூடாது என்று.

அந்த விதியை முன்மொழிந்தவரே பல்செட்டுக்காரர்தான். ஒருமுறை போலிக் காசில் ஏமாந்த கோபத்தில், மேசையைத் தட்டித் தட்டிப் பேசி, கைதட்டல் வாங்கி நிறைவேற்றிய விதி அது.

இதழை விளக்குக்கு நேரே வைத்து, பல் தேய்மானம் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். கொம்பு சரி. வெட்டுப்பட்ட வால் சரி. ஓர வெடிப்பு, அதன் கோணல்கூடச் சரி. முன்னங்காலுக்கு எதிரே, ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில், ஒரு சின்ன மொட்டு. கடுகில் கால்வாசி இருக்கும்.

அவர் காசில் மொட்டு இல்லை. ஆனால் இந்த மொட்டை அவர் எங்கோ பார்த்திருக்கிறார்.

உட்கார்ந்து யோசிக்கவெல்லாம் இல்லை. பழைய பல் மாதிரிகள் கிடக்கும் பெட்டியைக் கவிழ்த்தார். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே அது உருண்டு வந்தது: காளையின் பிளாஸ்டர் பிரதி. முன்னங்காலுக்கு எதிரே மொட்டு.

அப்போதெல்லாம் ஒரு காசைப் பற்றி வெளியூரில் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் காசையா தபாலில் போட முடியும்? படம் எடுத்தால் வெள்ளி பளபளத்துப் பாதி அழிந்துபோகும். அதனால் மெழுகிலோ பசையிலோ காசை அழுத்திப் பள்ளம் எடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி, பஞ்சு வைத்து அனுப்புவார்கள். மற்றவர்கள் ஊற்றுகிற பிளாஸ்டர் சுண்ணாம்புக்கட்டி மாதிரி. நகம் பட்டால் பொடியும். பல்செட்டுக்காரர் மட்டும் தொழில் பெருமையில், தாடை மாதிரி எடுக்கிற கல்மாவைக் குழைத்து ஊற்றுவார். மயிரிழைகூடத் தப்பாது. காய்ந்தால் கல். "பல்செட்டு அனுப்பினா காசே வந்த மாதிரி" என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். அதைக் கேட்டு அவருக்குக் காது குளிர்ந்துபோகும்.

காளையை அழுத்திய பசையில் ஒரு காற்றுக் குமிழி சிக்கியிருந்தது. குமிழி விட்ட குழியில் கல்மாவு போய் நின்று மொட்டானது. அந்தப் பள்ளத்தில் இரண்டு பிரதிகள் ஊற்றினார். ஒன்று இதோ கையில். மற்றது போனது ஒரே ஒருவரிடம். சும்மா ஆசைக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டு போன மச்சானிடம்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வெள்ளிச் சாமான் வார்க்கிற பட்டறை வைத்திருக்கிறார். அவரும் சங்கத்து உறுப்பினர்தான்.

சாதாரணப் பிளாஸ்டராக இருந்திருந்தால் வார்ப்பு மண்ணில் அழுத்தும்போதே நொறுங்கியிருக்கும். 'கல்லு மாதிரி செஞ்சு கையில குடுத்தேனே, மடையன்' என்று தன்னையே திட்டிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

பட்டறையில் மச்சான் ஒரு கரண்டிக் காம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். "வாங்க மாப்பிளை! என்ன, வேகாத வெயில்ல?" என்றார்.

பல்செட்டுக்காரர் இதழை அரத்தின்மேல் போட்டார்.

மச்சான் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லா வந்திருக்கில்ல?"

"எது?"

"படம்."

"மச்சான், என் வாயில வண்டை வண்டையா வருது. பொம்பளைங்க வேலை பார்க்கிற எடம்னு பாக்கிறேன்."

"ஐயோ, உக்காருங்க மாப்பிளை. நான் என்ன விக்கவா செஞ்சேன்? என் காசுத் தட்டுல அந்த வரிசையில ஒரே ஒரு குழி காலியா இருந்துச்சு. நாக்கு போய் போய் அங்கயே நிக்கிற பல்லுச் சந்து மாதிரி. உங்களுக்குத் தெரியாததா? சரி, ஒண்ணு வார்த்து வைப்போம்னு வெச்சேன். எனக்குப் பாக்கத்தான்."

"பாக்க வெச்சது கண்ணாடிக்காரர் கைக்கு எப்படிப் போச்சு? கால் முளைச்சா?"

மச்சான் அரத்தைக் கீழே வைத்தார். "அவர் கையில கப்பல் போட்ட காசு ஒண்ணு இருந்துச்சு. கேட்டா குடுக்க மாட்டேன்னாரு. என் தட்டைப் பாத்துட்டு, காளையைக் குடு, கப்பலைத் தரேன்னாரு. இது வார்த்ததுன்னு சொல்ல அந்த நேரம் பாத்து வாய் வரல மாப்பிளை. கப்பல் அப்படி இருந்துச்சு."

"இப்ப என் காளையைப் பொளக்கப் போறாங்க, தெரியுமா?"

"அதுக்கும் ஒரு வழி யோசிச்சு வெச்சிருக்கேன்." மச்சான் குரலைத் தணித்தார். "இன்னொண்ணு வார்த்துத் தரேன். அதைக் கொண்டு போய் உளிக்குக் குடுங்க. அசல் உங்க வீட்டுலயே பத்திரமா இருக்கும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

பல்செட்டுக்காரர் இதழை எடுத்து நான்காக மடித்தார். திருடியதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த ஆள் இதை ஒரு உதவியாக நினைத்துச் சொல்கிறாரே, அதுதான் உச்சந்தலைக்கு ஏறியது. காசு வீட்டில் இருக்கும், சரி. ஆனால் காளை பொய் என்று சங்க இதழில் அச்சாகிவிடும். பிறகு அதை யாரிடம் காட்டுவது? யாரிடம் கேட்பது? அது இழுப்பறையில் கிடந்து சாக வேண்டியதுதான்.

"எனக்கு வேணுங்கிறது வெள்ளி இல்ல மச்சான். அது நிஜம்னு நாலு பேர் சொல்லணும். கூட்டத்துல நீங்களே எழுந்து சொல்லிடுங்க. நீங்க சொன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"பாப்போம் மாப்பிளை," என்றார் மச்சான், அரத்தை எடுத்துக்கொண்டு.

வீட்டில் மனைவியிடம் சொல்வதா வேண்டாமா என்று ஈரக் கல்மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார். அது கிண்ணத்திலேயே இறுகிவிட்டது. கடைசியில் சொன்னார். அண்ணனுக்காகப் பரிந்துகொண்டு வருவாள், சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றார்.

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியை உதறினாள். "பாப்போம்னானா? அப்ப சொல்ல மாட்டான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சின்ன வயசுல அப்பாவோட பேனா முனையை உடைச்சது அவன். அப்பா கூப்பிட்டுக் கேட்டப்ப சுவரைப் பாத்துக்கிட்டு நின்னான். அடி எனக்கு விழுந்துச்சு. விழுந்து முடிஞ்சப்புறம் வந்து மிட்டாய் குடுத்தான். அப்ப நான் வாங்கினேன், இப்ப உங்க காசு வாங்கப் போகுது. அவ்வளவுதான்." துணியை மறுபடி உதறினாள். "எங்கண்ணன்னு எனக்காகப் பாக்காதீங்க. அப்படி ஏதாச்சும் பாத்துட்டு வந்தீங்க, சோறு கிடையாது."

சங்கம் கூடுவது ஒரு சலவைக் கடைக்கு மேலே இருக்கும் கூடத்தில். தரை வழியே நீராவிச் சூடு ஏறும். நீள மேசை, மேலே பச்சைத் துணி, துணியின் நடுவில் ஒரு இரும்புக் கட்டை, உளி, சுத்தியல். தலைவர் மேசைத் தலைப்பில் உட்கார்ந்திருந்தார். தையல்காரர். சுத்தியலைவிடக் கத்தரிக்கோல் பழகிய கை. கண்ணாடிக் கடைக்காரர் தன் காசைப் பச்சைத் துணியில் வைத்தார். பல்செட்டுக்காரர் தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டு காளைகளும் தலை குனிந்து நின்றன. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

மச்சான் கடைசி வரிசையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னோடதுல ஒரு புள்ளி கூட இருக்கு, பாருங்க," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "பல்செட்டுதுல இல்ல. தேய்ஞ்சு போயிருக்கும். அப்ப என்னோடதுதானே மூத்தது?"

"தேயட்டும்," என்றார் பல்செட்டுக்காரர். "கொம்பு நுனிக்கும் பின்னங்குளம்புக்கும் நடுவுல இருக்கிற தூரமுமா தேயும்? தலைவரே, அளந்து பாருங்க." இடுக்கி மாதிரிப் பிடிக்கும் நுண்ணளவியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "உருகின வெள்ளி ஆறும்போது சுருங்கும். அதனால வார்த்த பிள்ளை தாயைவிட எப்பவும் குட்டையாத்தான் இருக்கும். நாம எவ்வளவு தேய்ச்சாலும் அந்தத் தூரம் குறையாது."

தலைவர் துணி அளக்கிற பொறுமையோடு அளந்தார். பல்செட்டுக்காரரின் காளை. கண்ணாடிக்காரரின் காளை. மறுபடியும் இரண்டையும். "ஒரு முடி குட்டை," என்றார், கண்ணாடிக்காரரின் காசைத் தொட்டு.

கூடம் சலசலத்தது. கண்ணாடிக் கடைக்காரருக்கு முகம் வெளுத்தது. "எனக்குக் குடுத்தவர் சந்தையில வாங்கினேன்னாரு. அப்ப இதை வார்த்தது யாரு? அசலை வெச்சிருக்கிறவர்தானே வார்த்திருக்க முடியும்? நீயே வார்த்து வெளியில விட்டுட்டியா, பல்செட்டு?"

காசு பிழைத்துவிட்டது, அதன் சொந்தக்காரர் மாட்டிக்கொண்டார். எல்லோர் கண்ணும் தன் பக்கம் திரும்புவதைப் பல்செட்டுக்காரர் பார்த்தார். அவர் கண்ணோ கடைசி வரிசையில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். எழுந்து நின்றால்கூடப் போதும். மச்சான் சுவரில் ஏதோ பூச்சியைத் தேடுகிறவர் மாதிரிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பேனா முனை ஞாபகம் வந்தது. பல்செட்டுக்காரர் பையில் கையை விட்டுக் கல்மாவுப் பிரதியை எடுத்துப் பச்சைத் துணியில் தட்டென்று வைத்தார்.

"இந்த மொட்டு என் பசையில விழுந்த குமிழி. அசல்ல கிடையாது. இதுல இருக்கு, கண்ணாடிக்காரர் காசுல இருக்கு. இதே பள்ளத்துல ஊத்தின இன்னொரு பிரதி ஒருத்தர் கையிலதான் இருக்கு. அவர் என் பொண்டாட்டியோட அண்ணன். அதோ, சுவரை அளந்துக்கிட்டு இருக்காரே, அவர்தான்."

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. "மாப்பிளை, இத்தனை பேருக்கு முன்னால..." என்றார் மச்சான்.

"இத்தனை பேருக்கு முன்னாலதான், மச்சான், என் காசைப் பொளக்க இருந்தாங்க."

கீழே சலவை இயந்திரம் புரண்டுகொண்டிருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் மெதுவாக, "என் கப்பலைக் கொண்டு வந்து வெச்சுடு," என்றார். மச்சான் தலையாட்டினார்.

தலைவர் போலிக் காளையை இரும்புக் கட்டையில் வைத்து, சுத்தியலைப் பல்செட்டுக்காரர் பக்கம் நீட்டினார். "விதி கொண்டு வந்தவர் நீங்க. நீங்களே போடுங்க."

பல்செட்டுக்காரர் சுத்தியலை வாங்கி, கூடத்தின் கடைசிவரை நடந்து, மச்சானின் மடியில் வைத்தார். "வார்த்தவரே வெட்டட்டும்."

மச்சான் எழுந்து வந்தார். கை நடுங்கும் என்று எல்லோரும் பார்த்தார்கள். நடுங்கவில்லை, பட்டறைக் கை. உளியை நேராகக் காளையின் முதுகில் நிறுத்தி ஒரே அடி. காசு இரண்டாகப் போய் விழுந்தது. தலைவர் ஒரு பாதியை எடுத்து விளக்கில் காட்டினார். உள்ளே காய்ந்த ரொட்டியைப் பிய்த்த மாதிரி ஊசித் துளைகள்.

மச்சானும் குனிந்து பார்த்தார். அவருக்கு அடக்க முடியவில்லை. "சூடு கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார்.

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மச்சானும் சிரிக்கப் பார்த்துப் பல்செட்டுக்காரர் முகத்தைத் தேடினார். பல்செட்டுக்காரர் சிரிக்கவில்லை. தன் காளையைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பச்சைத் துணியில் கிடந்த கல்மாவுப் பிரதியை இரும்புக் கட்டைக்கு இழுத்தார். இனி இதிலிருந்து எவனும் வார்க்கக் கூடாது என்று, மச்சான் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி ஓங்கிப் போட்டார்.

பிரதி எகிறி மேசை ஓரத்துக்குப் போய் நின்றது. உடையவில்லை. மொட்டின் ஓரம் மட்டும் பெயர்ந்திருந்தது.

"என்ன கல்லுடா சாமி," என்றார் யாரோ, நிஜமாகவே வியந்து.

பல்செட்டுக்காரர் அதை எடுத்து வந்து மறுபடி கட்டையில் வைத்தார்.