அரைச் சுற்று

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருந்த இரண்டு கொக்கிக் கம்பிகளையும் டிரைவர் மாற்றி மாற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். ஒரே பக்கமாக இறுக்கினால் ஸ்பிரிங் வாழைப்பழம் போல வளைந்து கொக்கியை விட்டுத் தெறித்துவிடும். எதிரே இருப்பது ஆளா சுவரா என்றெல்லாம் அது பார்க்காது.

"மாமா, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்குங்க. அக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றான் வெல்டர். அவன் டிரைவருடைய மனைவியின் தம்பி. கட்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்திருந்தான்.

"இந்த மூஞ்சிக்கு என்ன ஆனாலும் உங்க அக்கா கண்டுபிடிக்க மாட்டா. நீ ஸ்பேனர எடு மச்சான்."

முன்சக்கரங்கள் கழற்றப்பட்டு, இரண்டு முக்காலிகளின் மேல் நின்றது சீமாட்டி. அந்தப் பழைய வெண்ணெய் நிறக் காருக்கு டிரைவர் வைத்த பெயர் அது. முதலாளியிடம் இப்படி மூன்று பழைய கார்கள் இருந்தன. கல்யாணம் ஆகப்போகிற ஜோடிகள் படம் எடுத்துக்கொள்ள வாடகைக்கு விடுவார். சமீபமாக வருகிறவர்கள் எல்லோரும் போனில் ஒரே மாதிரிப் படத்தைக் காட்டினார்கள்: சக்கரத்தின் மேல்விளிம்பு மட்கார்டுக்குள் மறைய, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் கார். "உங்க வண்டி ஒட்டகம் மாதிரி நிக்குதே" என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் போனாள். உயரம் குறைந்த புது ஸ்பிரிங் விலையைக் கேட்டதும் முதலாளி போனை வைத்துவிட்டார்.

"இருக்கிற ஸ்பிரிங்லயே ஏதாவது பண்ண முடியாதா டிரைவரே?"

முடியும் என்று சொன்னது டிரைவர்தான். சொல்லும்போது அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. லாரிக்கு வருமுன் ஒர்க்ஷாப்பில் இருந்தவர் அவர். லாரியில் போன வருஷங்கள் அவருடைய இடுப்பில் டிஸ்க் ஒன்றைப் பிதுக்கிவிட்டிருந்தன. இனியும் குலுங்கினால் கால் மரத்துப்போகும், குலுங்காத வண்டியாகப் பார்த்து ஓட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படி ஒரு வண்டி உலகத்தில் இருந்ததென்றால் அது சீமாட்டிதான். பள்ளத்தில் இறங்கினால் படகு போல ஒரு முறை தாழ்ந்து எழும், அவ்வளவுதான். இதை விட்டால் அவர் ஓட்டக்கூடிய வேறு வண்டி இல்லை.

கழற்றிய ஸ்பிரிங்கில் ஒரு முழுச் சுற்றுக்கு டிரைவர் சாக்பீஸால் கோடு போட்டார். கேஸ் வைத்து வெட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடியும். ஆனால் சூடு பட்ட இரும்பு வளைந்து கொடுக்குமே தவிரத் திரும்பி எழாது. அதனால் வெல்டர் கட்டிங் மெஷினால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தான். டிரைவர் குவளையிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார்.

"இவ்ளோ சின்னத் துண்டுக்கா இந்தப் பாடு?"

"சின்னத் துண்டுதான். ஆனா ஸ்பிரிங் உக்கார்றது சக்கரத்தத் தாங்குற இந்த இரும்புக் கைக்கு நடுவுல, சக்கரம் இருக்கிறது நுனியில. நடுவுல ஒரு விரல் இறங்குனா நுனியில ரெண்டு விரல் இறங்கும். பின்னாடி பட்டை ஸ்பிரிங், பிரச்சினை இல்ல. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல கட்டை வெச்சிருக்கோம், வேணாம்னா உருவிடலாம். முன்னாடி வெட்டுனா வெட்டுனதுதான்."

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, முக்காலிகளை எடுத்து, வண்டியைத் தரையில் இறக்கியபோது வெளியே மழை விட்டிருந்தது. முதலாளி ஈரக் குடையோடு உள்ளே வந்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தார்.

"என்ன டிரைவரே, காலையில இருந்து மல்லுக்கட்டி ஒரு விரல்தான் இறங்கியிருக்கு?"

"இன்னும் உக்காரல சார். ஜாக்கியில தூக்குனா ரெண்டு சக்கரமும் தொங்கி உள்பக்கமா ஒடுங்கிக்கும். கீழ விட்டதும் டயரு தரையக் கவ்விக்கிது, விரியவிட மாட்டேங்குது." டிரைவர் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பாதி உட்கார்ந்து காட்டினார். "இப்படி நின்னுக்கிட்டு எப்படி முழுசா உக்கார்றது? கால அகட்டணும்ல. வண்டிய நாலடி முன்ன பின்ன உருட்டுனா தானா உக்காந்துடும்."

ஷெட்டுக்குள் நாலடி இல்லை. பின்னால் மற்ற இரண்டு கார்கள். முன்னால் வாசல், அதற்கு அப்பால் சேறு.

"பாலிஷ் போட்ட வண்டிய சேத்துல இறக்கச் சொல்றீங்களா? சாயங்காலம் வண்டியப் பாக்கப் பார்ட்டி வர்றாங்க" என்றார் முதலாளி. "சரி, உக்காரும்னா எவ்ளோ உக்காரும்?"

"ரெண்டு விரல் இருக்கலாம். மூணும் இருக்கலாம்."

"இருக்கலாமா? முடியும்னு நீங்கதானே சொன்னீங்க. சும்மா சமாளிக்காம இன்னும் கொஞ்சம் வெட்டிடுங்க."

டிரைவர் டயரைப் பார்த்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முடியும் என்று சொன்ன வாய் முடியாது என்று சொல்லக் கூசியது. எப்படியும் இரண்டு விரலுக்கு மேல் உட்காராது என்று அவர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

"அரைச் சுத்து" என்றார்.

வெல்டர் அவர் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி மெஷினைப் போட்டான்.

சாயங்காலம் பார்ட்டி வந்தபோது முதலாளி வரவழைத்திருந்த பலகைகளை வாசலில் போட்டு அதன்மேல் வண்டியைத் தள்ளினார்கள். மூன்றாவது பலகையைத் தாண்டும்போது டயர்கள் விரிந்தன. சீமாட்டி பெருமூச்சு விட்டாற்போல இறங்கினாள். இறங்கிக்கொண்டே இருந்தாள். டயரின் மேல்விளிம்பு மட்கார்டுக்குள் மறைந்தது.

"இதான்! இதேதான் வேணும்!" என்று கல்யாணப் பெண் கைதட்டினாள். முதலாளி டிரைவரின் தோளில் தட்டிக்கொடுத்தார். டிரைவர் குனிந்து மட்கார்டுக்குள் கையை விட்டார். ஸ்பிரிங் தாங்க முடியாத அடி விழும்போது மட்டும் இரும்பும் இரும்பும் முட்டாமல் இருக்க, உள்ளே ஒரு ரப்பர்க் குமிழ் இருக்கும். அதற்கும் சக்கரத்தைத் தாங்கும் அடிக்கைக்கும் நடுவே அவருடைய சுண்டுவிரல்கூட நுழையவில்லை. வண்டி அந்த ரப்பர் மேலேயே உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் போன பிறகு வெல்டர் தலையைச் சொறிந்தான். "மாமா, ரெண்டு தகரத்துக்கு நடுவுல கிரீஸ் தடவி, டயருக்கு அடியில போட்டு இறக்கியிருந்தா உருட்டாமலே விரிஞ்சிருக்கும்ல?"

டிரைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அது அவருக்கும் தெரிந்ததுதான். "இத அப்பவே சொல்றதுக்கு என்னடா?"

"நீங்க டயரு மாதிரி கால அகட்டி நடிச்சுக் காட்டிட்டு இருந்தீங்க. சிரிப்ப அடக்குனதுல மறந்துபோச்சு."

மறுநாள் முதல் வேகத்தடையிலேயே டிரைவருக்குப் புரிந்துவிட்டது. ஊர்ந்துதான் ஏறினார். ஆனாலும் இறங்கும்போது விழுந்த அடி இருக்கை வழியாக நேரே அடிமுதுகில் ஏறி, இடது தொடையில் இறங்கி, குதிகால்வரை கம்பி இழுத்தாற்போல ஓடியது. பின்சீட்டில் இருந்த ஜோடி சிரித்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் பட்டை வெட்டப்படவில்லை. மெத்தையும் கனம்.

வீட்டு வாசற்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக அவர் ஏறுவதை மனைவி பார்த்தாள். அவள் சீட் கவர் தைக்கும் கடையில் வேலை செய்கிறவள்.

"நேத்து ஸ்பிரிங்க வெட்டுனீங்களா, இடுப்ப வெட்டுனீங்களா?"

"ரோடு குடுக்கிற அடிய யாராச்சும் ஒருத்தர் முழுங்கித்தானே ஆகணும். இத்தன நாளு ஸ்பிரிங் முழுங்குச்சு."

"இப்ப நீங்க முழுங்குறீங்களாக்கும். உங்க மொதலாளி மேல ஒண்ணும் படாம."

அவர் சிரிக்க முயன்றார். அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. வெந்நீர் வைக்கப் போனாள்.

வெல்டர் கனத்த குழாயிலிருந்து இரண்டு வளையங்களை அறுத்து, விளிம்பை ராவிக் கொண்டுவந்தான். ஸ்பிரிங்கின் தலையில் இவற்றை வைத்து மாட்டினால் வெட்டிப்போன அரைச் சுற்றின் உயரம் திரும்பி வரும். அடிக்கை ரப்பரை விட்டு விலகும். டிரைவர் வளையங்களை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார்.

"அரை நாள் வேலை சார். செலவு ஒண்ணும் இல்ல."

"திரும்ப ஏத்துறதுக்கா இவ்ளோ கஷ்டப்பட்டு இறக்குனோம்?"

"ரெண்டு விரல்தான் சார் ஏறும்."

"அந்த ரெண்டு விரலுக்குத்தான் டிரைவரே ஆளுங்க வர்றாங்க." முதலாளி காலண்டரைத் திருப்பிக் காட்டினார். கட்டங்களெல்லாம் பேனா வட்டங்கள். "சீசன் முடியட்டும். நானே கூப்பிட்டு மாட்டச் சொல்றேன். என்ன, இடுப்பு ரொம்ப முடியலையா? முடியலன்னா சொல்லுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன். வேற டிரைவர் யாரையாவது பாத்துக்குறேன்."

அவர் அதை உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

"இல்ல சார், ஓட்டிடலாம்" என்றார் டிரைவர். வளையங்களை டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்த வாரக் கடைசியில் மனைவி ஒரு மெத்தை தைத்தாள். கடையில் கழித்துப் போட்ட நுரைத் துண்டுகளில் கெட்டியானதை அடியிலும் மெத்தென்றதை மேலேயும் ஒட்டி, முதுகெலும்பின் நுனி அழுந்தாமல் பின்பக்கம் ஒரு இடைவெளி விட்டு, வெண்ணெய் நிறத் துணியிலேயே உறை போட்டாள். உறையை ஒரு பக்கம் தைக்காமல் நாடா வைத்துக் கட்டினாள், கழற்றித் துவைக்க. "வண்டியோட நிறத்துலயே இருக்கு. கண்ணுக்குத் தெரியாது" என்றாள். மெத்தை போட்டு ஓட்டிய முதல் நாள், டிரைவர் வாசற்படியைக் கைப்பிடி இல்லாமல் ஏறினார்.

அடுத்த முறை முதலாளியே பக்கத்து சீட்டில் வந்தார். பெரிய பார்ட்டி. ஏரிக்கரையில் படம் எடுக்கிறவர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "டிரைவர் சீட் மட்டும் மேடா இருக்கே, என்ன அது?" என்றார்.

"மெத்தைய எடுத்துடுங்க டிரைவரே" என்றார் முதலாளி.

டிரைவர் மெத்தையை எடுத்து டிக்கியில் வைத்தார்.

படம் எடுத்து முடித்துத் திரும்பும் வழியில் சாலை வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஒவ்வொரு வெட்டிலும் பின்னால் 'ணங்' என்றது. ஒவ்வொரு வெட்டிலும் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்.

"அங்கிள், வண்டியில ஏதோ உடைஞ்சிருக்கு போல" என்றாள் பின்சீட்டுப் பெண்.

முதலாளி வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். இருவரும் இறங்கி டிக்கியைத் திறந்தார்கள். இரண்டு வளையங்களும் ஒன்றோடொன்று மோதிப் பளபளப்பேறியிருந்தன.

"இன்னுமா இத வெச்சிருக்கீங்க? தூக்கிப் போடலாமே."

"சீசன் முடிஞ்சதும் மாட்டணுமே சார்."

"ஆமா, சொன்னேன்ல." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "அப்ப சத்தம் வராம எதுலயாவது சுத்தி வைங்க. பழைய வண்டி, பயந்துடப் போறாங்க."

அவர் போய் உட்கார்ந்துகொண்டார். டிக்கியில் துணி எதுவும் இல்லை. டிரைவர் மெத்தையின் நாடாவை அவிழ்த்தார். நுரையை நடுவில் மடித்து, மடிப்புக்குள் ஒரு வளையம், மடிப்புக்கு வெளியே ஒரு வளையம் என்று வைத்து, உறைக்குள் தள்ளி நாடாவைக் கட்டினார். அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. அதை ஸ்டெப்னியின் குழிக்குள் பதமாக வைத்து டிக்கியை மூடினார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு வேகத்தடை வந்தது. டிக்கியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. டிரைவர் சீட்டிலிருந்தும் வரவில்லை.