பச்சை விழாத பெட்டி

…மேலே இருக்கும் அந்தப் பெட்டிக்கு ஏன் பச்சை விழவில்லை, ஓட்டினால் ஒவ்வொன்றாகப் பச்சை விழுந்து அணைய வேண்டும், கணினித் திரையில் கோடு இழுத்துக் கோத்த நாலே பெட்டிகள், கோப்பைப் படிப்பது, கணக்கிடுவது, நிறம் பூசுவது, படம் காட்டுவது… நிறம் பூசுவதிலிருந்து கீழே எல்லாம் மின்னுகின்றன, மேலே படிக்கிறதும் கணக்கிடுகிறதும் செத்துக் கிடக்கின்றன. மறுபடி ஓட்டினேன். படத்தில் சூடு தப்பு என்று அதே சிவப்புப் பொட்டு, மூன்றாவது ஓவனின் இடது மூலையில். நவமணி பார்த்துக்கொள்ளும் ஓவன்.

அவள் போன திங்கட்கிழமை இந்த மேசைக்கு வந்து நின்றாளே, ஓவனில் சூடு சரி என்று தினமும் கையெழுத்துப் போட்டவள், படமோ இல்லை என்றது. "அக்கா, இன்னொரு வாட்டி பாருங்க லா. சனிக்கிழமையே அத ரிப்பேர் செஞ்சிட்டாங்க. இப்ப நல்லாதான் இருக்கு." பார்க்காமலா இருந்தேன், அவள் கண்முன்னாலேயே நிறத்தை மாற்றி மாற்றி மூன்று முறை ஓட்டினேன், படம் புதிதாக வரைந்துகொண்டு வந்தது, வேறென்ன வேண்டும்… படம் பொய் சொல்லாது நவமணி என்றேன். மேலாளர் ஆனந்தராஜாவிடமும் அதையே சொன்னேன். வெள்ளிக்கிழமை பொய்க் கையெழுத்து என்று அவளை வேலையைவிட்டு நிறுத்தி ஆலை அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள், சுங்கை பினாங்கு பஸ்ஸில் இன்று அவள் இடம் காலி.

கோப்பின் பெயர் மாறவில்லை, அதுதான், ஐயோ, அதுதான். தினமும் புது அளவுகளைப் பழையதன் மேலேயே எழுதச் சொன்னவள் நான், ஒரே பெயர், 'ஹாரி இனி', மலாயில் இன்று என்று, பெட்டியைத் தினமும் திருத்தச் சோம்பல்பட்டு. பெயர் அதேதானே என்று பெட்டி கோப்பைத் திறக்கவேயில்லை, ஓவன் கெட்டிருந்த நாளில் படித்ததையே பத்து நாளாக எடுத்து நீட்டியிருக்கிறது, நிறத்தை மட்டும் நான் புதிதாகப் பூசியிருக்கிறேன். பெட்டி சேமித்து வைத்திருந்ததையெல்லாம் அழித்து முதலிலிருந்து ஓட்டினேன். மேல் பெட்டியில் பச்சை. மூலை சுத்தமாக இருந்தது. அவள் சொன்ன திங்கட்கிழமையின் அளவுகள் இனி எங்கும் இல்லை, அவற்றின் மேல் ஏழு நாள் எழுதியாகிவிட்டது, அவள் சொன்னது மெய் என்பதற்கு நான் வாய் திறந்தால்தான் உண்டு, திறந்தால் என் வேலை…

ஆனந்தராஜா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "எல்லாம் சரிதானே, புஷ்பராணி?"

"சரிதான் சார்."

அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வாயிலிருந்து பதில் வந்துவிட்டது. அன்றும் இப்படித்தான்… நவமணி கெஞ்சிக்கொண்டிருந்தாள், அழுதாளா? எவ்வளவு யோசித்தும் அந்தச் சிவப்புப் பொட்டுதான் வருகிறது, அவள் முகம் வரவில்லை. ஓவன் ஒரு மாடி கீழே. நான் இறங்கிப் போகவேயில்லை. ஆனந்தராஜா அடுத்த மேசைக்கு நகர்ந்துகொண்டிருந்தார், சார் என்று கூப்பிட வாய் திறந்தேன்…